மூட்டையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலையா?

பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டு, நடவு முடிந்து, பயிர் தூர் கட்டும் பருவம் வந்ததும் மதுரை சுற்று வட்டாரத்து உரக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். மேலுரம் இட வேண்டிய நாள் தள்ளிப் போனால் தூர் குறையும், விளைச்சலும் குறையும் என்பது விவசாயிக்குத் தெரியும். அது கடைக்காரருக்கும் தெரியும். அந்த அவசரத்தில் மூட்டையைப் புரட்டி, அதில் அச்சிட்ட விலையைப் பார்ப்பவர் மிகச் சிலரே. கேட்ட பணத்தைக் கொடுத்து, மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். சீட்டு கடையிலேயே கிடக்கிறது.

உரத்தை எவ்வளவு இடுவது, எப்போது இடுவது என்பதில் காட்டும் கவனத்தை அதை வாங்கும் விலையிலும் விவசாயிகள் காட்ட வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் யாரும் வாங்காதபடி சட்டம் துணை நிற்கிறது. ஆனால் அந்தத் துணையைப் பெறுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் கையில் இருக்க வேண்டும். அதுதான் பில். அதைக் கேட்டு வாங்குவது எப்படி, தவறு நேர்ந்தால் செய்ய வேண்டியது என்ன என்பவை கீழே விளக்கப்பட்டுள்ளன.

விலை தெரியும் நான்கு இடங்கள்

ஒரு பொருளின் விலை கடையில் நான்கு இடங்களில் தெரிகிறது.

1. மூட்டை, பாக்கெட் அல்லது டப்பாவின் மேல் அச்சிட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலை. எல்லா வரிகளும் இதில் அடங்கும். இது உச்சவரம்பு. இதற்குக் குறைத்து விற்கலாம், கூட்டி விற்கக் கூடாது.

2. கடையின் விலைப் பலகை, அல்லது பொருள் அடுக்கிய தட்டில் ஒட்டியுள்ள விலைச் சீட்டு. இது கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கு.

3. பில்லில் விழும் விலை.

4. விவசாயியின் கையிலிருந்து போகும் பணம்.

பலகையில் எழுதிய விலையும், பில் விலையும், கொடுத்த பணமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றும் மூட்டையில் அச்சிட்ட விலைக்குள் அடங்க வேண்டும். இந்த நான்கில் எந்த இரண்டு ஒத்துப் போகவில்லையோ, அங்கேதான் பணம் கசிகிறது. எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடித்தால் அடைப்பது எளிது.

மளிகைக் கடையில் மெஷின் தவறுவது எப்படி?

முதலில் நகரத்துக் கடையைப் பார்க்கலாம். மதுரைக்கு வேலையாக வரும் விவசாயக் குடும்பங்கள் இன்று பெரிய பல்பொருள் கடைகளில் மாதச் சாமான் வாங்குகின்றன. அங்கே பாக்கெட்டில் உள்ள கருப்புக் கோடுகளை மெஷின் படித்து பில் போடுகிறது. பார்கோடு எனப்படும் இம்முறை, 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு கடையில் முதன்முதலாகப் பயன்பட்டது. அன்று பில் போடப்பட்ட முதல் பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட்.

மெஷின் சொல்வது தவறாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. அந்தக் கோடுகளில் விலையே இல்லை. பொருளின் எண் மட்டும்தான் உண்டு. இந்தியாவில் பதிவு செய்துகொண்ட கம்பெனிகளின் எண் 890 என்று தொடங்கும். அந்த எண்ணுக்கு என்ன விலை என்பதைக் கடை ஆள் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கிறார். எழுதியது தவறானால் பில்லும் தவறாகும். தவறு பெரும்பாலும் மூன்று வகையில் நேருகிறது.

முதலாவது, தட்டில் விலைச் சீட்டை மாற்றிவிட்டு கம்ப்யூட்டரில் மாற்ற மறப்பது. இரண்டாவது, பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே எண்ணில் இருப்பது. பழைய பாக்கெட்டில் 38 ரூபாய், புதிய பாக்கெட்டில் 42 ரூபாய் என்றிருந்தால், பில் போடுபவர் கையில் உள்ள பாக்கெட்டைப் பார்த்துச் சரியான விலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் 42 விழுந்துவிடும். மூன்றாவது, தள்ளுபடி அறிவிப்பை வாசலில் எழுதிவிட்டு கணக்கில் ஏற்றாமல் விடுவது.

பழைய பாக்கெட்டுக்கு அதில் அச்சிட்ட 38 ரூபாய்தான் உச்சவரம்பு. புதிய சரக்கின் விலையை அதற்குப் போடக் கூடாது. கவுன்டரை விட்டு நகரும் முன் பில்லையும் பாக்கெட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இத்தகைய தவறுக்குச் சில நாடுகள் தனி ஏற்பாடு செய்துள்ளன. கனடாவில் 2002 முதல் கடைகள் தாமாக ஏற்றுக்கொண்ட ஒரு நெறிமுறை இருக்கிறது. தட்டு விலையைவிட மெஷின் விலை கூடினால், குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பொருளை அதில் சேர்ந்துள்ள கடைகள் இலவசமாகவே கொடுத்துவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பித் தருவதோடு, அதைப் போல் பத்து மடங்கை ஒரு வரம்புக்கு உட்பட்டு வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இந்தியாவில் அப்படி உடனடி வெகுமதி கிடையாது. ஆனால் கூடுதல் தொகையைத் திரும்பப் பெறவும் நஷ்டஈடு கோரவும் வழி உண்டு.

உரக் கடையில் நடப்பது வேறு

மளிகைக் கடையில் பல சமயம் மெஷின் தவறுகிறது. உரக் கடையில் பெரும்பாலும் மெஷின் சரியாகவே சொல்கிறது. வாங்கும் பணம்தான் கூடுகிறது. இந்த வேறுபாட்டை விவசாயிகள் நன்கு புரிந்துகொள்ள வேண்டும்.

2018 முதல் நாடு முழுவதும் மானிய உரங்கள் விற்பனை முனையக் கருவி மூலமே விற்கப்படுகின்றன. கைரேகை மெஷின் என்று கிராமங்களில் சொல்வது இதைத்தான். வாங்குபவரின் அடையாளத்தைப் பதிந்து, எத்தனை மூட்டை என்று அடித்ததும் சீட்டு வருகிறது. இப்படி விற்பனை பதிவான பிறகே அந்த மூட்டைக்குரிய மானியத்தை மத்திய அரசு உரக் கம்பெனிக்குக் கொடுக்கிறது. ஆகவே விவசாயியின் கைரேகைக்கு விலை உண்டு. அது அரசின் பெட்டகத்தைத் திறக்கும் சாவி.

யூரியாவின் விலையை மத்திய அரசே நிர்ணயம் செய்கிறது. 2018இல் மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோ ஆனது. 45 கிலோ மூட்டைக்கு நிர்ணய விலை ரூ.242. வேம்பு பூச்சுச் செலவும் வரியும் சேர்ந்து ரூ.266.50 என மூட்டையில் அச்சிடப்படுகிறது. டி.ஏ.பி., பொட்டாஷ், காம்ப்ளக்ஸ் ஆகியவற்றுக்கு 2010 முதல் சத்து அடிப்படையிலான மானியம் நடைமுறையில் உள்ளது. இவற்றின் விலையைக் கம்பெனிகள் குறிக்கின்றன. எனவே ஒரே வகைக் காம்ப்ளக்ஸ் இரண்டு கம்பெனிகளில் இரண்டு விலையாக இருக்கலாம். அது குற்றமல்ல. எந்த மூட்டையை வாங்குகிறோமோ, அந்த மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்பதுதான் குற்றம்.

உரக் கடையில் கவனிக்க வேண்டிய தவறுகள் நான்கு.

1. சீட்டில் 266.50 என்றிருக்க, 300 அல்லது 310 என்று பணம் வாங்குவது.

2. சீட்டையே கொடுக்காமல், வெற்றுத் தாளில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுப்பது.

3. எடுத்தது 2 மூட்டை, பதிவானது 4 மூட்டை என்று கணக்கை ஊதுவது. மிச்ச 2 மூட்டை எங்கே போகிறது? மானிய யூரியா, பிளைவுட் ஒட்டும் பசை தயாரிப்பு போன்ற தொழில்களுக்குக் கள்ளத்தனமாகக் கடத்தப்படுவது நாட்டின் பல பகுதிகளில் பிடிபட்டுள்ளது. ஊரில் யூரியா தட்டுப்பாடு வர இதுவும் ஒரு காரணம்.

4. யூரியா வேண்டுமானால் இந்தத் திரவ உரத்தையும் வாங்கு, அந்த நுண்ணூட்டத்தையும் வாங்கு என்று கட்டாயப்படுத்துவது. இப்படி இணைப்பொருள் திணிக்கக் கூடாது என்று மத்திய அரசும் தமிழக வேளாண்மைத் துறையும் பலமுறை அறிவுறுத்தியுள்ளன.

நான்காவது தவறு குறித்து ஒரு விளக்கம் தேவை. நுண்ணூட்டச் சத்து வேண்டாத பொருள் என்று இதற்குப் பொருளல்ல. துத்தநாகக் குறை உள்ள நெல் வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது பரிந்துரைக்கப்பட்டதே. ஆனால் அது மண் பரிசோதனையைப் பார்த்து விவசாயி எடுக்க வேண்டிய முடிவு. கடையில் தேங்கிக் கிடக்கும் சரக்கு எது என்பதைப் பார்த்து எடுக்கும் முடிவல்ல.

ஒரு ஏக்கர் கணக்கு

சில்லறைக் காசுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

காவிரிப் பாசனப் பகுதி நீங்கலான இடங்களில் குறுகிய கால நெல் ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 120, 40, 40 கிலோ. ஏக்கருக்கு இது 48, 16, 16 கிலோ. மணிச்சத்துக்கு 35 கிலோ டி.ஏ.பி. இட்டால், அதிலேயே 6 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தழைச்சத்தும் கிடைத்துவிடும். மீதித் தழைச்சத்துக்கு ஏறக்குறைய 90 கிலோ யூரியா, அதாவது 2 மூட்டை வேண்டும்.

மூட்டைக்கு 266.50க்குப் பதிலாக 310 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 43.50 ரூபாய் வீதம் 2 மூட்டைக்கு 87 ரூபாய் கூடுதல். அதோடு 250 ரூபாய் மதிப்புள்ள வேண்டாத இணைப்பொருள் ஒன்று சேர்ந்தால் மொத்தம் 337 ரூபாய். இது ஒரு மூட்டை யூரியாவின் விலையைவிட அதிகம். வயலுக்கு 2 மூட்டை போகிறது, பணம் 3 மூட்டைக்கு மேல் போகிறது. இருபோகம் பயிரிடுபவருக்கு இது ஆண்டுக்கு இரண்டு முறை.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. கையில் பணம் போதாத விவசாயி, கூடுதலாகப் போன தொகையை ஈடுகட்ட உரத்தைக் குறைத்து வாங்குகிறார். அல்லது சாம்பல் சத்தை அடியோடு விட்டுவிடுகிறார். கடையில் விட்ட ரூபாய், அறுவடையில் நெல்லாகக் குறைகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985: சில்லறை விற்பனையாளர் தம்மிடம் உள்ள இருப்பையும் விலையையும் கடையில் அனைவரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். நிர்ணயித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. ரொக்கமோ கடனோ, வாங்குபவருக்கு உரிய படிவத்தில் பில் கொடுக்க வேண்டும். மீறினால் விற்பனை அனுமதி நிறுத்தி வைக்கப்படலாம், ரத்தும் செய்யப்படலாம். இந்த ஆணை 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்தது. அந்தச் சட்டத்தின்படி 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

விதைக் கட்டுப்பாட்டு ஆணை, 1983: விதை வியாபாரியும் அன்றன்றைய இருப்பு, விலைப் பட்டியல் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். வாங்குபவருக்கு பில் தர வேண்டும்.

சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009, அதன் கீழ் வந்த பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011: அச்சிட்ட சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது. அந்த விலையை அழிக்கவோ திருத்தவோ கூடாது. விலையைக் குறைத்துச் சீட்டு ஒட்டலாம், ஆனால் அது பழைய விலையை மறைக்கக் கூடாது. ஒரே பொருளுக்கு இரண்டு வித அதிகபட்ச விலை போடுவதும் 2018 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. விதை, பூச்சி மருந்து, மளிகை எல்லாவற்றுக்கும் இது உதவும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019: 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இது 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி நிர்ணயித்த விலை, பொருளின் மேல் அச்சிட்ட விலை, சட்டப்படி வைத்த விலைப் பட்டியலில் கண்ட விலை, இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட விலை ஆகிய எதற்கு மேல் வாங்கினாலும் அது புகாருக்கு உரியது. பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக முறை என்றும் இச்சட்டம் கூறுகிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். விவசாயி விளைபொருளை விற்றுப் பணம் பார்ப்பவர் ஆயிற்றே, அவர் எப்படி நுகர்வோர் ஆவார்? சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காகப் பொருள் வாங்கித் தாமே பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தரமற்ற விதையால் நஷ்டமடைந்த ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக நடத்திய வழக்கில், 2012 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் விவசாயிகள் நுகர்வோரே என்று உறுதி செய்தது. விதைச் சட்டம் தனியாக இருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகக் கூடாது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை.

பில்லின் உண்மையான மதிப்பு

அந்த வழக்கு விவசாயிகளுக்கு ஒரு பாடம் சொல்கிறது. பில் என்பது 43 ரூபாயை மீட்பதற்கு மட்டும் உரியதல்ல. விதை முளைக்காமல் போனால், கலப்பு விதையாகிப் பயிர் முன்பின் கதிர் வாங்கினால், கலப்பட உரத்தால் பயிர் கருகினால், இந்தப் பொருளை இந்தக் கடையில் இந்த நாளில் வாங்கினேன் என்பதற்கு பில்லைவிட நல்ல சாட்சி இல்லை. பில் இல்லாதவர், தம் வயலில் நின்ற நஷ்டத்தைக் கடை வாசலுக்குக் கொண்டு சேர்க்க முடியாமல் தவிக்கிறார்.

எனவே விதை பில்லில் ரகம், குவியல் எண், அளவு, விலை ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பூச்சி மருந்து பில்லில் மருந்தின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், காலாவதி தேதி ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். காலிப் பை, விதைச் சான்று அட்டை, சிறிதளவு விதை ஆகியவற்றை அறுவடை முடியும்வரை பில்லோடு சேர்த்து வைப்பது நல்லது. பயிரில் குறை தெரிந்தால், பயிர் நிற்கும்போதே வேளாண்மை அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவித்து வயல் ஆய்வு கோர வேண்டும். அறுத்த பிறகு சொன்னால் பயனில்லை.

கடைக்காரர் சொல்லும் காரணங்களும் பதில்களும்

"லாரி வாடகை, இறக்குகூலி கூடிவிட்டது."
கடைக்கு வந்து எடுப்பவரிடம் அச்சிட்ட விலைக்கு மேல் எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது. வயல்வரை கொண்டுவந்து இறக்கித் தரச் சொன்னால் அந்த வண்டிக் கூலி வேறு. அதைத் தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

"நீங்கள் கடனுக்கு எடுக்கிறீர்கள், விலை அப்படித்தான்."
கடன் பில்லிலும் பொருளின் விலை அச்சிட்ட விலைக்குள்தான் இருக்க வேண்டும். கடன் கொடுப்பதற்காகப் பொருளின் விலையைக் கூட்டி எழுத இடமில்லை.

"இது பழைய மூட்டை, இப்போது விலை ஏறிவிட்டது."
பழைய மூட்டைக்கு அதில் அச்சிட்ட பழைய விலைதான்.

"மெஷினில் பேப்பர் தீர்ந்துவிட்டது, அப்புறம் வாருங்கள்."
அப்படியானால் கடையின் பில் புத்தகத்தில் எழுதித் தரலாம். எதுவும் இல்லையென்றால் பணமும் அப்புறம் என்று சொல்லலாம்.

"இதையும் எடுத்தால்தான் யூரியா."
இருப்புப் பலகையில் யூரியா இருப்பதாக எழுதியிருந்தால் மறுக்கக் கூடாது. அந்தப் பொருள் தேவையில்லை என்று சாட்சியின் முன்னிலையில் சொல்லி, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

1. இருப்புப் பலகை, விலைப் பலகை இரண்டையும் படிக்கவும்.

2. மூட்டையில் அச்சிட்ட விலை, எடை இரண்டையும் பார்க்கவும். தையல் பிரிந்த மூட்டையை எடை போட்டு வாங்கவும்.

3. கைரேகை வைக்கும் முன் எத்தனை மூட்டை என்று அடித்திருக்கிறார்கள் என மெஷினில் காட்டச் சொல்லவும். கண்ணாடி இல்லாமல் போனவர் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாம்.

4. சீட்டு கைக்கு வந்த பிறகே பணத்தை எடுக்கவும். பணம் கொடுத்த பிறகு சீட்டு கேட்பது, மாட்டை விற்ற பிறகு கயிற்றுக்கு விலை பேசுவது போல.

5. முடிந்தவரை செல்போன் மூலம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்தவும். இது முக்கியமானது. சீட்டில் 533 ரூபாய் என்றிருக்க ரொக்கமாக 620 ரூபாய் கொடுத்தால், கூடுதல் 87 ரூபாய்க்குச் சாட்சியே இல்லை. சீட்டைப் பார்க்கும் அதிகாரி, விலை சரியாகத்தானே இருக்கிறது என்பார். வங்கிக் கணக்கில் 620 என்று பதிவானால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

6. மெஷின் சீட்டில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அன்றே செல்போனில் படம் எடுத்து வைக்கவும். அல்லது நகல் எடுத்துக்கொள்ளவும்.

பூச்சி மருந்து, வீரிய விதை வாங்குவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். உச்சவரம்பு விலை வேறு, நியாய விலை வேறு. பல மருந்துகளில் அச்சிட்ட விலை மிக உயரத்தில் இருக்கும். அச்சிட்ட விலைக்கு விற்றார் என்பதாலேயே மலிவு என்று எண்ணிவிடாமல், இரண்டு கடைகளில் விசாரித்து வாங்க வேண்டும்.

புகார் எங்கே கொடுப்பது?

உரம்: வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உள்ள வேளாண்மை உதவி இயக்குநரிடம் முதலில் தெரிவிக்க வேண்டும். கடையைச் சோதனையிட்டு, மூட்டை இருப்பையும் மெஷின் கணக்கையும் ஒப்பிடும் அதிகாரம் உர ஆய்வாளர்களுக்கு உண்டு.

விதை: விதை ஆய்வாளர்.

மளிகை முதலிய பொட்டலப் பொருட்கள்: தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நிறைவேற்றுவது தொழிலாளர் துறை. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும்: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவற்றால் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடை எங்கிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த வசதி. வாடிப்பட்டி விவசாயி வெளி மாவட்டக் கடையில் விதை வாங்கியிருந்தாலும் மதுரையிலேயே வழக்கிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. தவறு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த பிறகு 3 மாதத்துக்குள்ளும், ஆய்வுக்கூடப் பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நடைமுறையில் சில சமயம் கூடுதல் காலம் பிடிக்கலாம்.

மனுவில் கடையின் பெயர், முகவரி, வாங்கிய நாள், பொருள், அளவு, அச்சிட்ட விலை, பில் விலை, கொடுத்த பணம் ஆகியவற்றை வரிசையாக எழுதி, என்ன நிவாரணம் வேண்டும் என்பதை ஒரே வரியில் முடிக்க வேண்டும். பில்லின் நகலை இணைத்து, மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மனுக் கொடுத்ததற்கு ஒப்புகை பெறுவதும் அவசியம்.

கடன் கொடுக்கும் கடைக்காரரை எப்படிக் கேட்பது?

இவையெல்லாம் சரி, அறுவடைவரை கடன் தருபவரே அந்தக் கடைக்காரர்தான், அவரிடம் போய்ச் சட்டம் பேசினால் அடுத்த போகத்துக்கு யார் தருவார் என்று சிறு விவசாயிகள் கேட்பது நியாயமே. விவசாயி வாய் திறக்காமல் இருப்பதற்குச் சட்டம் தெரியாதது மட்டுமல்ல, இந்தத் தயக்கமும் காரணம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராகிப் பயிர்க்கடன் பெறுவது. உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்குத் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. கடனில் ஒரு பகுதியை உரமாகவே சங்கத்தில் பெறலாம். கையில் தம் பணத்தோடு போகும் விவசாயிக்கு மூட்டையைப் புரட்டிப் பார்க்கும் தைரியம் தானே வரும்.

மற்றொன்று, தனித்துப் போகாமல் சேர்ந்து போவது. ஒரு கிராமத்தில் பத்துப் பேர் தங்கள் தேவையைச் சேர்த்து ஒரே நாளில் வாங்கி, பத்துப் பேரும் பில் கேட்டால், யார் கேட்டார் என்ற பகை ஒருவர் மேல் விழாது. உழவர் மன்றங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இதைச் செய்யலாம். மன்றக் கூட்டத்தில் அந்த வாரத்து விலைகளை ஒரு பலகையில் எழுதிப் போட்டாலே பாதித் தவறு குறையும்.

கடைக்காரர்கள் எல்லாரும் தவறு செய்பவர்கள் அல்லர். சில்லறை வியாபாரிக்கே மேலிருந்து இணைப்பொருளைத் தள்ளிவிடுகிறார்கள் என்ற குறை வியாபாரிகள் தரப்பிலும் உண்டு. ஒழுங்காக பில் போட்டு விற்பவர், பில் இல்லாமல் விற்பவரோடு போட்டி போட முடியாமல் கஷ்டப்படுகிறார். விவசாயிகள் பில் கேட்கக் கேட்க, நேர்மையான கடைக்காரரின் கை வலுப்படும்.

நெல்லை விற்கப் போகும்போது ஒரு கிலோ எடை குறைந்தாலும் விவசாயி தராசின் முள்ளை உற்றுப் பார்க்கிறார். வாங்கப் போகும்போதும் அதே கண் வேண்டும். அடுத்த முறை உரக் கடைக்குப் போகும் விவசாயி மூட்டையில் அச்சிட்ட விலையை வாய்விட்டுப் படித்து, சீட்டு வந்த பிறகே பணத்தை எடுத்து, வீடு திரும்பியதும் அந்தச் சீட்டைப் பட்டா, சிட்டா வைத்திருக்கும் பையில் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு போகத்துக்கு நாலைந்து சீட்டுதான் சேரும். ஏதாவது ஓர் ஆண்டு பயிர் ஏமாற்றும்போது அந்தச் சீட்டுகள்தான் விவசாயிக்காகப் பேசும்.